தொடாத தந்தி ஏன் கத்துகிறது?

எல்லோரும் கிடார் எப்படி வாசிப்பது என்றுதான் கேட்பார்கள். நான் எழுதப்போவது கிடாரை எப்படி வாய் மூட வைப்பது என்று. சிரிக்காதீர்கள், அதுதான் கஷ்டம்.

எங்கள் மாமா மெல்லிசைக் குழுவில் லீட் கிடார் வாசித்தவர். பகலில் லேத் பட்டறை வேலை, ராத்திரி கச்சேரி. 2 வருஷத்துக்கு முன்னாடி பட்டறையில் அவர் இடது கையில் 2 விரல் நசுங்கிவிட்டது. விரல் இருக்கிறது, ஆனால் மடங்காது. இடது கை விரல் மடங்காவிட்டால் கிடார் வாசிப்பது ரொம்பக் கஷ்டம். அதனால் கிடார் என்னிடம் வந்தது. மற்ற வாத்தியார்கள் வாசித்துக் காட்டுவார்கள். மாமா வாயால் சொல்லித்தான் கொடுப்பார். அதனால்தான் எனக்கும் இதை எழுத்தில் சொல்ல வருகிறது என்று நினைக்கிறேன்.

வருகிற சித்திரைத் திருவிழாக் கச்சேரியில் ஒரு பாட்டுக்கு நடுவில் வரும் லீட் பிட்டை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். 8 செகண்டுதான். ஆனால் அதற்குள் 64 நோட்டு. சரியாக வரவில்லை என்றால் கீபோர்டில் வாசித்துக்கொள்வார்கள். மாமா அப்பவும் ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

வீட்டில் சாதாரண மரக் கிடாரில் பழகினேன். நன்றாகத்தான் இருந்தது. ஒத்திகையில் மாமாவோட எலக்ட்ரிக் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வாசித்தேன். முடித்ததும் கீபோர்டு அண்ணன், "நோட்டு எல்லாம் கரெக்டு பாப்பா, பின்னாடி தகரத்தைத் தட்டுறது யாரு?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. "நீ தொட்டது எல்லாம் சரி. தொடாததுதான் கத்துது" என்றார்.

கிடாரில் 6 தந்தி. மெல்லியது 1-வது, தடியானது 6-வது. சும்மா மீட்டினால் 6-வது தந்தி செகண்டுக்கு சுமார் 82 தடவை அதிரும். 5-வது 110, 4-வது 147, 3-வது 196, 2-வது 247, 1-வது 330. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகப் பட்டைக்கு ஃப்ரெட் என்று பேர். வீணையில் மெட்டு என்பார்களே, அது மாதிரி. ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் அழுத்தினால் தந்தியின் நீளம் குறைந்து சுருதி ஏறும்.

6-வது தந்தியை 5-வது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் 110 வரும். அது 5-வது தந்தியோட சொந்த எண். உடனே 5-வது தந்தி, யாரும் தொடாமலே, தானாக அதிர ஆரம்பிக்கும். அறிவியல் பாடத்தில் ஒத்ததிர்வு என்று படித்தோமே, அதேதான். பரீட்சையில் 2 மார்க்குக்கு எழுதினபோது அது என் கிடாருக்குள்ளேயே இருக்கிறது என்று தெரியாது.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. மரக் கிடாரைப் படுக்க வையுங்கள். நோட்டுத் தாளில் நகம் அளவு கிழித்து, கூரை மாதிரி மடித்து, 5-வது தந்தியின் நடுவில் உட்கார வையுங்கள். 4-வது தந்தியிலும் ஒன்று. இப்போது 6-வது தந்தியை 5-வது ஃப்ரெட்டில் அழுத்திப் பலமாக மீட்டுங்கள். 5-வது தந்தித் தாள் குதித்து விழும். 4-வதில் இருப்பது அப்படியே உட்கார்ந்திருக்கும். சுருதி சரியாகச் சேர்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விழாது. என் தம்பி இதை மந்திரம் என்று சொல்லித் தெருப் பையன்களைக் கூட்டிவந்துவிட்டான்.

சிதாரில் இதை வேண்டும் என்றே செய்கிறார்கள். மீட்டுகிற தந்திகளுக்கு அடியில் பத்துக்கு மேல் சின்னத் தந்திகள் இருக்கும், அவை தானாக அதிர்ந்துதான் அந்த ரீங்காரம் வருகிறது. கிடாரில் வேகமாக லீட் வாசிக்கிறப்ப அதே ரீங்காரம் குப்பை.

ஒத்ததிர்வு மட்டும் காரணம் இல்லை. பிக் பக்கத்துத் தந்தியில் உரசும். தடித் தந்திகளில் மேலே கம்பி சுற்றியிருப்பதால் விரல் வழுக்கும்போது கீச்சென்று கேட்கும். எல்லாவற்றையும் விட என்னோட பெரிய தப்பு, விரலை வெடுக்கென்று எடுப்பது. அப்படி எடுத்தால் விரலே தந்தியைச் சுண்டிவிட்டு வரும்.

சரி, மரக் கிடாரில் ஏன் இது தெரியவில்லை? மாமாவோட எலக்ட்ரிக் கிடாரில் டிஸ்டார்ஷன் பெடல் இருக்கிறது. அது பெரிய சத்தத்தின் தலையை வெட்டிவிட்டு, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும். அதனால் முணுமுணுப்பு கூட நோட்டுக்குச் சமமாகக் கேட்கும். பெடல் பொய் சொல்லவில்லை, மரக் கிடார்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இனி அடக்குகிற வேலை. 3-வது தந்தியில் வாசிக்கிறோம் என்று வையுங்கள். தடித் தந்திகள் 4, 5, 6 மூன்றையும் வலது கை பார்த்துக்கொள்ளும். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் பக்கம் அந்தத் தந்திகள் மேல் லேசாக வைக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி 3-வது மேலேயும் பட்டால் நோட்டு 'டொக்' என்று செத்துவிடும். மெல்லிய தந்திகள் 1, 2-ஐ இடது கை ஆள்காட்டி விரல் பார்த்துக்கொள்ளும். விரலை நட்டுக்குத்தலாக வைக்காமல் கொஞ்சம் படுக்க வைத்தால், நுனி 3-வதை அழுத்தும், விரலோட அடிப்பக்கம் 2-வதையும் 1-வதையும் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். நுனியை ஒரு நூல் அளவு மேலே தள்ளினால் 4-வதையும் தொடும். ஆக ஒரே விரல் ஒன்றை அழுத்தி மூன்றை அடக்குகிறது!

தொடணும், அழுத்தக் கூடாது. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 5, 7, 12-வது ஃப்ரெட்டுக்கு நேராக ஒரே விரல் லேசாகப் பட்டால் தந்தி அடங்குவதற்குப் பதிலாக மணி அடிப்பது மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். அங்கே 2 விரல் படணும்.

தந்தி மாறும் இடம்தான் உயிர் போகிற இடம். 3-லிருந்து 2-க்குப் போனால் உள்ளங்கையும் கூடவே நகர்ந்து 3-ஐ மூட வேண்டும். மாமா சொன்னது: "விரலை எடுக்காத. முதல்ல அழுத்தத்தை விடு, தந்தி அடங்கட்டும், அப்புறம் எடு." 3 வாரம் இதை மட்டும் செய்தேன். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் டிக் என்றால் ஒரு நோட்டு. அழுக்கு இல்லாமல் வந்தால் டிக்குக்கு 2, அப்புறம் 4. அம்மா, "ஏண்டி, ஒரே சத்தத்தை எத்தனை தடவைடி போடுவ?" என்று கத்துவார்கள். அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பேன், நான் சத்தம் போடப் பழகவில்லையே.

ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடித்தேன். தலைக்குப் போடுகிற துணி ரப்பர் பேண்டை, தந்திகள் தொடங்கும் இடத்தில் கிடார் கழுத்தைச் சுற்றி மாட்டிவிட்டேன். அழுத்தாத தந்திகள் எல்லாம் கப்சிப்! அழுத்தின தந்திக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜ் வரைதான் அதிர்கிறது. பெரிய கண்டுபிடிப்பு என்று மாமாவிடம் காட்டினேன். "இது உலகத்துல பல பேரு செய்றதுதான்" என்றார். 1987-ல் மைக்கேல் ஜாக்சன் கச்சேரிகளில் லீட் வாசித்த ஜெனிஃபர் பேட்டன் என்ற பெண்மணி கூட அந்த இடத்தில் தந்தியை அடக்க ஒரு கருவி மாட்டி வாசித்தவராம். அவர் 2 கை விரல்களாலும் ஃப்ரெட் மேலேயே தட்டி வாசிப்பவர், அப்போது அடக்குவதற்குக் கை மிச்சம் இருக்காது. லீட் கிடார் ஆம்பளைங்க வாசிக்கிறது என்று சொன்ன 9-ம் வகுப்பு 'அ' பிரிவுப் பையன் இந்த வரியை 2 தடவை படிக்கவும்.

ஆனால் என் பிட்டுக்கு பேண்ட் முழுசாக உதவாது. கடைசி 4 நோட்டில் அழுத்தாத 5-வது தந்தி வருகிறது. பேண்ட் இருந்தால் அதுவும் செத்துவிடும். பாட்டு நடுவில் அதைத் தள்ளிவிட நேரமும் இல்லை. அதனால் கழற்றிவிட்டேன். இப்போது அது என் பின்னலில்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை டிக்குக்கு 6 நோட்டு சுத்தமாக வந்தது. 8 போனால் 4-வது தந்தி இன்னும் முணுமுணுக்கிறது. மாமா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஒண்ணுதான் பாக்கி" என்றார். தாள் குதிக்கிற சோதனையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரலாம். நோட்டுத் தாள் நீங்களே கொண்டுவாருங்கள், என் கணக்கு நோட்டில் இனிமேல் கிழிக்க இடம் இல்லை.

— 9-ம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி