மெஸ்கீட் கிளைவெட்டி வண்டு

மெஸ்கீட் கிளைவெட்டி வண்டு என்பது அமெரிக்காவின் டெக்சாஸ், நியூ மெக்சிகோ மாநிலங்களிலும் மெக்சிகோவின் வடபகுதியிலும் உள்ள வறண்ட நிலங்களில் வாழும் ஒரு நீள்கொம்பு வண்டாகும். இதன் அறிவியல் பெயர் ஆன்சிடெரெஸ் ரோடோஸ்டிக்டா. 1885-இல் இதற்குப் பெயரிட்டு விவரித்தவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். அமேசான் காட்டுப் பட்டாம்பூச்சிகளின் போலித்தோற்றத்தை விளக்கியதற்காகப் பாடநூல்களில் இடம்பெறுபவரும் இவரே.

இவ்வண்டு மெஸ்கீட் என்னும் முட்புதரைச் சார்ந்து வாழ்கிறது. தமிழ்நாட்டில் எங்கும் பரவியுள்ள சீமைக்கருவேலத்திற்கு மெஸ்கீட் நெருங்கிய உறவுச் செடியாகும்.

கோடையின் பிற்பகுதியில் பெண் வண்டு விரல் பருமனுள்ள ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, அதனைச் சுற்றிலும் தன் தாடைகளால் வளையமாகக் கடித்து வெட்டுகிறது. கத்தியால் செதுக்கியதுபோல் அந்த வெட்டு அவ்வளவு சீராக இருக்கும். வெட்டுக்கு அப்பால், கிளையின் நுனிப்பக்கத்தில், பட்டைக்கு அடியில் முட்டைகளை இடுகிறது. உயிருள்ள கட்டையில் இதன் புழுக்கள் வளர்வதில்லை. ஆகவே, தாய் வண்டு முதலில் கிளையைச் சாகடிக்க வேண்டியுள்ளது. இலைகள் தயாரிக்கும் உணவைக் கீழே வேருக்குக் கொண்டு செல்வது புளோயம் திசு. அது அறுபட்டதும் உணவு கிளையிலேயே தேங்குவதால் புழுக்களுக்கு அது பயன்படுகிறது எனக் கருதப்படுகிறது. காய்ந்த கிளை காற்றில் முறிந்து விழும். சில சமயம் செடியிலேயே தொங்கும். உள்ளிருக்கும் புழுக்கள் கட்டையைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிவருகின்றன.

நியூ மெக்சிகோவின் தென்பகுதியில் ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்த பெரும்பரப்பு இன்று மெஸ்கீட் புதராகிவிட்டது. மெஸ்கீட் காய்களைத் தின்ற மாடுகள் சாணத்தின் வழியே விதைகளைப் பரப்பியது இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. 1912-இல் தொடங்கப்பட்ட ஜோர்னாடா ஆய்வுப் பண்ணையில் இம்மாற்றம் நீண்டகாலமாக ஆராயப்பட்டு வருகிறது. மேய்ச்சல் நிலத்தை இழந்த பண்ணையாளர்களுக்குக் கிளையை வெட்டும் வண்டு நண்பனாகத் தோன்றலாம். ஆனால் நடப்பது வேறு. வெட்டுக்குக் கீழே உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துக்கொள்ள, ஒரு கிளை இருந்த இடத்தில் பல கிளைகள் துளிர்க்கின்றன. செடி சாவதில்லை, மேலும் அடர்ந்த புதராகிறது. முருங்கையை நுனி கிள்ளி வளர்ப்போருக்கு இது புதிய செய்தியன்று.

ஆன்சிடெரெஸ் பேரின வண்டுகள் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. சீமைக்கருவேலம் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தபோது அவை உடன் வரவில்லை.