சாளரமும் மருந்தாகுமா?

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வகுத்தார் வள்ளுவர். நோயாளி படுத்திருக்கும் இடத்தை ஐந்தாவதாகச் சேர்க்கலாமா? காற்றும் வெளிச்சமும் வெறும் வசதிதானா, அன்றி நோய் தீர்க்கும் வேலையிலும் அவற்றுக்குப் பங்குண்டா? இவ்வினாவுக்கு விடை தேடத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது.

சென்னையில் மின்சார ரயிலேறியவர்கள் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையத்தை அறிவர். இங்கிலாந்தில் காசநோயாளர் விடுதி நடத்திய டாக்டர் சௌரி முத்து 1928-இல் அங்கே ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அந்நாளில் இல்லை. ஆகவே தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவற்றையே மருத்துவர்கள் நம்பினர். உலகெங்கும் இதே நிலைதான். பின்லாந்தின் பைமியோ சானடோரியத்தை 1933-இல் கட்டி முடித்த ஆல்வர் ஆல்டோ, பக்கத்துப் படுக்கைக்காரரின் உறக்கம் கெடாதபடி ஓசையின்றி நீர் விழும் கைகழுவும் தொட்டியைக்கூட அமைத்தார்.

பின்னர் மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் ஆய்வு மையம் துணிவான சோதனை ஒன்றில் இறங்கியது. 193 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் நெரிசல் மிகுந்த தத்தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே. 1959-இல் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் வியந்தது. ஓய்வும் உணவும் குறைந்திருந்தும் வீட்டிலிருந்தோர் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்திருந்தனர்! நோயைத் தீர்த்தது மருந்தேயன்றிக் காற்றன்று என்பது விளங்கிற்று. சானடோரியங்களின் காலமும் முடிவுக்கு வந்தது.

அப்படியாயின் சாளரம் வீண்தானா? அன்று. படுத்திருப்பவரைக் குணமாக்காத காற்று, அடுத்திருப்பவரைக் காக்கிறது. காசநோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் உலர்ந்து, மணிக்கணக்கில் மிதக்கின்றன. அறையின் காற்று எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவுக்கு அபாயம் குறையும். பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளை அளந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. உயர்ந்த கூரையும் அகன்ற சாளரங்களும் கொண்ட பழைய வார்டுகளில் மணிக்கு 40 முறை காற்று மாறியது. புதிய பாணியில் கட்டிய வார்டுகளில், சாளரங்களைத் திறந்து வைத்தும், 17 முறையே. எந்திரக் காற்றோட்டம் கொண்ட தனியறைகளுக்கு விதித்த அளவோ 12 முறை.

உடலுக்குக் காற்று, உள்ளத்துக்கு? அமெரிக்காவில் ரோஜர் உல்ரிக் என்பவர் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் குறிப்பேடுகளை ஆராய்ந்து 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். பாதிப்பேரின் சாளரத்துக்கு வெளியே மரங்கள். மற்றவருக்குச் செங்கல் சுவர். மரங்களைக் கண்டவர்கள் முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். வலி தணிக்கும் கடுமையான மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், எனினும் சிந்திக்கத்தக்கது.

ஆக, சாளரத்தை மருந்தென்று போற்றுவதும் பிழை. அலங்காரமென்று தள்ளுவதும் பிழை. தொம்மலூரைச் சுற்றி எழும் கட்டடங்களைப் பாருங்கள். ஆண்டில் பெரும்பகுதி இதமான காற்று வீசும் இந்நகரில், கண்ணாடியால் மூடிவிட்டு உள்ளே குளிர்சாதனம் வைக்கிறோம். சுவரில் மாட்டும் சாதாரணக் குளிர்சாதனம் புதுக்காற்றைக் கொணர்வதில்லை. உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. அறுவைக் கூடத்துக்கு வடிகட்டிய காற்று வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால், இருமுகின்றவரும் கைக்குழந்தையை ஏந்திய தாயும் பல மணி நேரம் அருகருகே காத்திருக்கும் கூடத்துக்குத் திறக்கும் சாளரங்கள் வேண்டாமா?

நம் மன்றத்தில் பொறியியலும் மருத்துவமும் பயில்வோர் பலர். நாளை மருத்துவமனை ஒன்றின் வரைபடம் உங்கள் மேசைக்கு வருமானால், முகப்பைப் பார்க்குமுன் இதைக் கேளுங்கள்: காத்திருக்கும் கூடத்தின் சாளரம் எங்கே? அது திறக்குமா?