மின்கார் பேசும் மொழிகள்

பெங்களூர்த் தமிழர்களுக்கு மொழி மாற்றிப் பேசுவது புதிதல்ல. வீட்டில் தமிழ், காய்கறிக் கடையில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம். மின்சாரக் காரைச் சுற்றியும் இப்படித்தான். கார் சார்ஜர் பெட்டியுடன் ஒரு மொழி பேசுகிறது. அந்தப் பெட்டி தன்னை நிர்வகிக்கும் கணினியுடன் வேறொரு மொழி பேசுகிறது. பிளக் பொருந்தினால் போதும் என்று பணத்தை நீட்டும் அன்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் மொழி மிக எளிது. டைப்-2 பிளக்கில் மின்சாரம் பாயும் தடித்த கம்பிகளோடு ‘கன்ட்ரோல் பைலட்’ என்ற மெல்லிய கம்பியும் உண்டு. பெட்டி அதில் விநாடிக்கு 1000 துடிப்புகள் அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மின்னழுத்தம் எவ்வளவு பங்கு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதே செய்தி. பாதி நேரம் என்றால் 30 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம். பத்தில் ஒரு பங்கு என்றால் 6 ஆம்பியருக்கு மேல் கூடாது. கார் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஐ.இ.சி. 61851 என்ற உலகத் தரம் இது. நம் நாட்டில் ஐ.எஸ். 17017 வரிசை. 2001இல் இதே பெங்களூரில் வெளிவந்த ரேவா கார் சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட்டில் சார்ஜ் ஆயிற்று. சாக்கெட்டுக்கு வாய் ஏது?

இந்தப் பேச்சால் என்ன பயன்? காக்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். 16 வீடுகள், அனுமதி பெற்ற மின்சுமை 48 கிலோவாட். இரவு எட்டு மணிக்கு 5 கார்கள் தலைக்கு 7 கிலோவாட் இழுத்தால் 35 போய்விடும். மீதி 13இல் லிப்ட், தண்ணீர் மோட்டார், வீட்டுக்கு வீடு கீசர் எல்லாம் ஓட வேண்டும். பெட்டிகள் தமக்குள் கணக்குப் பார்த்து ஒவ்வொரு காரையும் 6 ஆம்பியருக்கு இறக்கினால், ஐந்துக்கும் சேர்த்தே 7 கிலோவாட்தான். அப்படி 8 மணி நேரம் ஏறினாலும் காருக்கு 11 யூனிட் கிடைக்கும். ஊருக்குள் ஏறக்குறைய 60 கி.மீ. ஓடலாம். கூடுதல் மின்சுமைக்கு அலைந்து பணம் கட்டும் வேலை மிச்சம்.

நெடுஞ்சாலை வேக சார்ஜர்களின் பேச்சு இன்னும் விரிவானது. அது தனிக் கதை. ஸ்கூட்டர்களைப் பற்றி ஒன்று மட்டும்: சென்னை ஐ.ஐ.டி. முன்னாள் மாணவர்கள் தொடங்கி, பெங்களூரில் வளர்ந்த ஏதர் நிறுவனத்தின் பிளக் வடிவத்தை 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் பொதுத் தரமாக ஏற்றது.

இரண்டாவது மொழியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டிக்கும் நிர்வாகக் கணினிக்கும் இடையே பேசப்படும் ஓ.சி.பி.பி. என்ற பொதுமொழி 2009இல் நெதர்லாந்தில் தோன்றியது. 2015இல் வந்த 1.6 பதிப்பில் சுமையைப் பங்கிடும் வசதி சேர்ந்தது, 2020இல் 2.0.1 வந்தது. என் மைத்துனர் வசிக்கும் கட்டடத்தில் பெட்டி விற்ற நிறுவனம் தன் சொந்த மென்பொருளோடு மட்டும் பேசும் பெட்டிகளை மாட்டியது. நிறுவனம் கடையை மூடியதும் பங்கீடும் நின்றது, பில் கணக்கும் நின்றது. லட்சக்கணக்கில் செலவழித்த பெட்டிகள் இன்று வெறும் சுவிட்சுகள்.

நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கும் இந்த மொழி தேவை. 2023இல் மத்திய அரசு திருத்திய மின்நுகர்வோர் விதிகள், சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் 20 சதவீதமாவது குறைய வேண்டும் என்கின்றன. ஓய்வுபெற்றவர்களின் கார் பகலில் வீட்டில்தானே நிற்கிறது!

ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போது மூன்றை எழுத்தில் வாங்குங்கள். ஓ.சி.பி.பி. 1.6 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு இருக்க வேண்டும். பெட்டி தொடர்பு கொள்ளும் கணினியின் முகவரியை நாமே மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். இன்டர்நெட் அறுந்தாலும் சுமைப் பங்கீடு கட்டடத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். விற்பவர் இரண்டாவதற்கு மழுப்பினால் அடுத்த கடையைப் பாருங்கள்.