உடைஞ்ச டீ பாட் ரூ.5 கோடி... உங்க வீட்டுப் பரணில் இருக்கும் பீங்கானுக்கும் மவுசு உண்டா?

மூடி இல்லை, கைப்பிடி உடைஞ்சிருந்தது. 2016-ல் இங்கிலாந்தில் ஆன்லைன் ஏலத்தில் வெறும் 15 பவுண்டுக்கு விற்பனையான ஒரு குட்டி டீ பாட் அது. 2018-ல் அதையே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்காக, கட்டணம் உட்பட 5.75 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். அப்போதைய மதிப்பில் ரூ.5 கோடிக்கும் மேல்!

அப்படி என்ன ஸ்பெஷல்?

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் பார்ட்லம், 1760-களில் தெற்கு கரோலினாவில் செய்தது. அவரது தொழிற்கூட இடத்தில் தோண்டியபோது கிடைத்த பீங்கான் சில்லுகளோடு ஒப்பிட்டுத்தான் இதை அடையாளம் கண்டார்கள்.

பழைய டீ பாட் ஏன் அரிது?

பீங்கான் ரகசியம் ரொம்ப காலம் சீனாவிடம்தான் இருந்தது. 'தங்கம் செய்வேன்' என்று சொன்ன போட்கர் என்ற இளைஞரை சாக்சனி ஆட்சியாளர் அகஸ்டஸ் பிடித்து அடைத்துவைத்தார். தங்கம் வரலை, பீங்கான் வந்தது. 1710-ல் மைசன் ஆலை தொடங்கியது. ஆரம்பகால இங்கிலாந்து பீங்கான்கள் பல, கொதிக்கும் நீர் பட்டாலே விரிசல் விட்டன. அதனால் தப்பிப் பிழைத்தவை குறைவு.

நம்ம பக்கம் தொடர்பு உண்டா?

குன்னத்தூர் உள்ளிட்ட கொங்குப் பகுதி திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்த காலம். 1788-ல் பாரிஸ் போன அவரது தூதர்கள், புகழ்பெற்ற செவ்ர் பீங்கான் ஆலையையும் பார்த்தார்கள். ஐரோப்பிய பீங்கான்களை நேரில் பார்க்க ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியம் நல்ல சாய்ஸ்.

பரணில் ஒண்ணு கிடைச்சா?

* அடியில் முத்திரை இருந்தால் உடனே நம்பாதீர்கள். மைசனின் குறுக்கு வாள் முத்திரையை காப்பி அடித்தவர்கள் ஏராளம்.
* விளக்கிப் பளபளப்பாக்காதீர்கள். விரிசலை நீங்களே ஒட்டாதீர்கள்.
* ஆன்லைனில் வாங்கும்முன் அடிப்பாகம், மூக்கு, கைப்பிடி போட்டோக்களைக் கேளுங்கள்.

முக்கியமா, சட்டம்!

100 ஆண்டு கடந்த தொல்பொருளை தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப, 1972-ம் ஆண்டு சட்டம் தடை விதிக்கிறது. பனியன் ஆர்டருக்காக ஐரோப்பா போகிறவர்கள், 'அங்கே நல்ல விலை போகும்' என்று பாட்டி வீட்டு டீ பாட்டை சூட்கேஸில் வைத்தால் சிக்கல்தான். முதலில் தொல்லியல் துறையிடம் காட்டி, 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்கலைன்னா? அது இங்கேயே இருக்க வேண்டிய பொருள்!