நாற்பதும் நூறும்

வணிக நண்பர்களே, மளிகை வியாபாரிக்கு இன்சுலினைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். இதில் சரக்கும் உண்டு, தட்டுப்பாடும் உண்டு, அளவும் உண்டு. மூன்றும் நம் தொழில்தானே!

2009-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே வளர்த்த வயதான நாய்க்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் தீனி வைத்ததும் ஊசி போடுவார்கள். மருந்தின் பெயர் வெட்சுலின். பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின்.

"நாய்க்கு எதற்குப் பன்றி மருந்து?" என்று கேட்டேன். பன்றி இன்சுலினும் நாயின் இன்சுலினும் அமைப்பில் அப்படியே ஒன்று. பூனைக்கு மாட்டு இன்சுலின்தான் நெருக்கம் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். இதில் துத்தநாகம் சேர்ந்திருக்கிறது. படிகமாக உள்ள பகுதி மெதுவாகக் கரைவதால் மருந்தின் வேலை பல மணி நேரம் நீடிக்கும்.

1921-ல் டொரான்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களைக் கொண்டே இன்சுலினைக் கண்டறிந்தார்கள். பிறகு அறுபது ஆண்டுகள் மனிதனுக்கும் பன்றி, மாட்டு இன்சுலின்தான். 1982-ல் நுண்ணுயிர் மூலம் தயாரித்த மனித இன்சுலினுக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் விலங்கு இன்சுலின் வரத்து சுருங்கிவிட்டது. வாங்குவோர் குறைந்த சரக்கைச் செய்வோரும் குறைவார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

அந்த நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. வெட்சுலினில் படிகத்தின் அளவு ஒரே சீராக இல்லை. வேறு மருந்துக்கு மாற்றுவது பற்றி மருத்துவரைக் கேளுங்கள் என்றது. அந்த மருந்து மறுபடி தாராளமாகக் கிடைத்தது 2013-ல்தான்.

மருத்துவர் மனித இன்சுலின் எழுதிக்கொடுத்தார். புதுக் குப்பி வந்தது. மகள் பழைய ஊசிக்குழலை எடுத்து, 10 என்ற கோடு வரை மருந்தை இழுத்தாள். வியாபாரிக் கண் அல்லவா, நான் குப்பியைப் பார்த்தேன். பழையதில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், புதியதில் 100. குழலோ 40-க்கு உரியது. அதில் 10 என்ற கோடு கால் மில்லி. புது மருந்தில் கால் மில்லி என்றால் 25 யூனிட்! இரண்டரை மடங்கு. போட்டிருந்தால் சர்க்கரை அடியோடு இறங்கி, வலிப்பு கண்டு அந்த வாயில்லா ஜீவன் செத்தே போயிருக்கலாம். உடனே மருத்துவருக்குப் போன் செய்து, 100-க்கு உரிய குழல் வாங்கினோம்.

மருந்தைக் கொடுத்த கடைக்காரர், "வீட்டில் எந்தக் குழல் இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றும் என் மனதை உறுத்துகிறது. நம் நாட்டிலும் 40, 100 இரண்டும் விற்பனையில் உள்ளன. வீட்டில் மனிதரோ நாயோ யாருக்கு ஊசி போட்டாலும், குப்பியும் குழலும் ஒரே எண்ணா என்று பாருங்கள்.

சரக்கு மாறினால் படியும் மாறும். அதை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்வதும் வியாபார தர்மமே.