‘ம்’ கொட்டாத குட்டி இன்ஜின்... டிகோடர் செத்துப்போச்சா? தூக்கிப் போடும் முன் இதைப் படிங்க!

டிஜிட்டல் மாடல் ரயில்களில் அடிக்கடி வரும் புரோகிராமிங் சிக்கல்கள்... காரணங்களும் தீர்வுகளும்!

கையளவு ரயில் இன்ஜின். அதற்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சர்க்யூட் போர்டு. அதில் புது எண்ணைப் பதிய வைக்கலாம் என்று உட்கார்ந்தால், கன்ட்ரோலர் திரையில் ‘பதில் இல்லை’ என்று வருகிறது. மறுபடி முயன்றாலும் அதே கதைதான். மூன்றாவது முறை, சம்பந்தமே இல்லாமல் 255 என்று ஓர் எண். ‘அவ்வளவுதான், டிகோடர் போச்சு’ என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்றை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள் பலர்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த டிகோடர் உயிரோடுதான் இருக்கலாம். நாம் சொல்வது அதற்குக் கேட்டிருக்கலாம், சொன்ன எண்ணை எழுதிக்கூட முடித்திருக்கலாம். ‘ம்’ என்று பதில் சொல்ல மட்டும் முடியாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். இந்த ஒரு விஷயம் புரிந்தால், மாடல் ரயில் புரோகிராமிங்கில் பாதித் தலைவலி தீர்ந்துவிடும்.

ஒரே தண்டவாளம்... ஆளுக்கொரு முகவரி!

பழைய மாடல் ரயில்களில் விஷயம் எளிது. தண்டவாளத்தில் பாயும் மின்சாரத்தைக் கூட்டினால் வேகம் கூடும்; குறைத்தால் குறையும். ஆனால், ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின்களை வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும், சேர்ந்து நிற்கும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ‘டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்’. சுருக்கமாக, டி.சி.சி. ஜெர்மனியின் கீசன் நகரைச் சேர்ந்த லென்ஸ் எலெக்ட்ரானிக் நிறுவனம், 1980-களின் இறுதியில் மார்க்லின், அர்னால்டு ஆகிய மாடல் ரயில் நிறுவனங்களுக்காக உருவாக்கிய தொழில்நுட்பம்தான் இதற்கு அடித்தளம். 1990-களில் அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ இதைப் பொதுத் தர நிர்ணயமாக்கியது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் கன்ட்ரோலர், இன்னொரு நிறுவனத்தின் டிகோடரோடு பேச முடிகிறது.

இந்த முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதன் திசை விநாடிக்குப் பல ஆயிரம் முறை மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றங்களின் நீளத்தில்தான் கட்டளை ஒளிந்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில், ‘இந்த நம்பர் காரின் உரிமையாளர் உடனே வெளியே வரவும்’ என்று மைக்கில் சொன்னால் எல்லோருக்கும் கேட்கும். எழுந்து போவது ஒருவர்தான். அதேபோல எல்லா இன்ஜின்களுக்கும் எல்லாக் கட்டளைகளும் கேட்கும். தன் எண்ணுக்கு வந்த கட்டளைக்கு மட்டும் ஒவ்வொன்றும் கீழ்ப்படியும்.

2001-ல் ஹாம்பர்க்கில் திறக்கப்பட்ட ‘மினியேச்சர் வுண்டர்லேண்ட்’ அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி ரயில்கள் இருக்கின்றன. அத்தனையையும் கணினி தனித்தனியாகக் கையாள்வதும் டிஜிட்டல் முகவரிகளால்தான்.

அதென்ன சி.வி?

டிகோடருக்குள் எண் போட்ட சின்னச் சின்னப் பெட்டிகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை வைக்கலாம். இந்தப் பெட்டிகளுக்குப் பெயர்தான் சி.வி. ‘கான்ஃபிகரேஷன் வேரியபிள்’ என்பதன் சுருக்கம். சி.வி 1-ல் இருப்பது முகவரி. புதிதாக வரும் இன்ஜின்களில் இது பெரும்பாலும் 3 என்றே இருக்கும். சி.வி 3 எவ்வளவு நிதானமாக வேகம் எடுப்பது, சி.வி 4 எவ்வளவு நிதானமாக நிற்பது, சி.வி 5 உச்ச வேகம், சி.வி 8 தயாரிப்பாளரின் அடையாள எண்.

இந்த எண்களை மாற்றுவதுதான் புரோகிராமிங். அதற்கென்று தனியாகப் பிரித்த ஒரு துண்டுத் தண்டவாளம் உண்டு. முகவரியே தெரியாத டிகோடரிடமும் பேச வேண்டும் என்பதால், அங்கே போகும் கட்டளைக்கு முகவரி கிடையாது. மண்டப மைக்கில், ‘எல்லோரும் எழுந்திருங்கள்’ என்று சொல்வதைப் போல! அங்கே இரண்டு இன்ஜின்கள் நின்றால் இரண்டுக்கும் ஒரே எண் பதிந்துவிடும். புரோகிராமிங் ஒயரைத் தெரியாமல் மொத்த ரயில்பாதையோடு இணைத்துவிட்டு, வீட்டிலுள்ள எல்லா இன்ஜின்களுக்கும் ஒரே முகவரியை வைத்துவிட்டுத் தலையில் கை வைப்பவர்களும் உண்டு.

மோட்டார்தான் வாய்!

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். எண்ணை எழுதிவிட்டோம். அது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று கன்ட்ரோலருக்கு எப்படித் தெரியும்?

டிகோடருக்கு வாய் கிடையாது. அதனால் அது ஒரு தந்திரம் செய்கிறது. மோட்டாரை ஒரு கணம் இயக்குகிறது. சுமார் 6 மில்லி விநாடிகளுக்கு, குறைந்தது 60 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கிறது. ‘மின்சாரம் ஒரு கணம் ஏறியது, அப்படியானால் ஆமாம் என்கிறது’ என்று கன்ட்ரோலர் புரிந்துகொள்ளும். கதை கேட்கும் குழந்தை ‘ம்’ கொட்டுமே, அதேதான். புரோகிராமிங் நடக்கும்போது இன்ஜின் லேசாகத் துள்ளுவதும் இதனால்தான்.

ஒரு சி.வி-யில் என்ன இருக்கிறது என்று படிப்பதும் இப்படித்தான். கன்ட்ரோலர் வரிசையாகக் கேள்விகள் கேட்கும். டிகோடர் ‘ஆமாம்’ என்றால் ‘ம்’ கொட்டும். ‘இல்லை’ என்றால் சும்மா இருக்கும். ஒரு ‘ம்’ காதில் விழாமல் போனாலும் கணக்கு தப்பிவிடும். உடனே திரையில் ‘பதில் இல்லை’ என்று வரும், அல்லது 0, 255 என்று ஏதாவது ஓர் எண் வரும்.

ஆக, ‘பதில் இல்லை’ என்பதற்கு ‘டிகோடர் இறந்துவிட்டது’ என்று அர்த்தம் இல்லை. ‘ம் கேட்கவில்லை’ என்பது மட்டுமே அர்த்தம்.

‘ம்’ கேட்கலையா? வரிசையா பாருங்க!

1. முதலில் துடையுங்கள். தண்டவாளத்திலும் சக்கரங்களிலும் படியும் கறுப்பு அழுக்குதான் முதல் எதிரி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டையும் துடைத்தாலே பல ‘இறந்த’ டிகோடர்கள் எழுந்துவிடும்.

2. துள்ளுகிறதா என்று பாருங்கள். படிக்கும்போது இன்ஜின் லேசாகத் துள்ளினால் டிகோடர் உயிரோடு இருக்கிறது, பதிலும் சொல்கிறது. கோளாறு கன்ட்ரோலர் பக்கமோ, இடையில் உள்ள ஒயரிலோதான். துள்ளவே இல்லையென்றால் மோட்டார் ஒயர்களைப் பாருங்கள். என்.எம்.ஆர்.ஏ நிற வரிசைப்படி ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு. மோட்டார் இணைப்பு விட்டிருந்தால் டிகோடரால் பதில் சொல்ல முடியாது.

3. சத்தம் போடும் டிகோடரா? ஹாரன், இன்ஜின் ஓசை தரும் டிகோடர்கள் விழித்தெழவே அதிக மின்சாரம் கேட்கும். புரோகிராமிங் பாதையிலோ பாதுகாப்புக்காக மின்சாரத்தை 250 மில்லி ஆம்பியர் அளவில் கட்டுப்படுத்தியிருப்பார்கள். அது போதாவிட்டால் டிகோடர் திணறும். இதற்கென்றே புரோகிராமிங் பூஸ்டர்கள் விற்பனையில் இருக்கின்றன.

4. மின் சேமிப்பு கெப்பாசிட்டர் இருக்கிறதா? அழுக்கான இடத்தில் ரயில் நின்றுவிடாமல் இருக்க, சிலர் ‘ஸ்டே அலைவ்’ என்ற கெப்பாசிட்டரை இணைத்திருப்பார்கள். அது சார்ஜ் ஆக இழுக்கும் மின்சாரத்தில் ‘ம்’ காணாமல்போகும். தற்காலிகமாகக் கழற்றிவிட்டு முயலுங்கள்.

5. மோட்டார் மிகச் சிறியதா? சில குட்டி மோட்டார்கள் 60 மில்லி ஆம்பியர்கூட இழுக்காது. அப்போது படிக்க முடியாது. ஆனால், எழுத முடியும். திரையில் பிழை என்று வந்தாலும் கவலைப்படாமல், புது முகவரியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

6. எதுவும் சரிவரவில்லையா? பெரும்பாலான டிகோடர்களில் சி.வி 8-ல் 8 என்று எழுதினால், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். சில நிறுவனங்கள் வேறு எண் வைத்திருக்கின்றன. எனவே, கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பிறகு முகவரி 3-ல் கூப்பிடுங்கள்.

முகவரி தெரிந்த இன்ஜின் என்றால் இன்னொரு வழியும் உண்டு. ஓடும் பாதையில் வைத்தே, அந்த எண்ணுக்கு மட்டும் கட்டளை அனுப்பி சி.வி-க்களை மாற்றலாம். முகவரியை மாற்ற இது பொதுவாக உதவாது. ஆனால் வேகம், விளக்கு, ஒலி அளவு போன்றவற்றை ஓடும்போதே மாற்றிப் பார்க்கலாம்.

எழுதியாச்சு... ஆனா வண்டி சொன்ன பேச்சு கேக்கலையே!

எண் சரியாகப் பதிந்தும் இன்ஜின் முரண்டு பிடிக்கிறதா? பெரும்பாலும் சி.வி 29-தான் காரணமாக இருக்கும். இது ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஸ்விட்ச் போர்டு மாதிரி. ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் ஒரு மதிப்பு உண்டு. திசையைத் திருப்ப 1, 28 அல்லது 128 வேகப் படிகளுக்கு 2, பழைய டி.சி மின்சாரத்திலும் ஓட 4, நீண்ட முகவரிக்கு 32. வேண்டியவற்றைக் கூட்டி எழுத வேண்டும். பரவலாகக் காணப்படும் 6 என்பது 2-ம் 4-ம் சேர்ந்தது. அதோடு நீண்ட முகவரியும் வேண்டுமென்றால் 38.

* நான்கு இலக்க முகவரிக்கு அசையவில்லையா? நீண்ட முகவரி சி.வி 17, 18 என இரண்டு பெட்டிகளில் பிரிந்து உட்காரும். உதாரணமாக, 1234 என்ற முகவரிக்கு சி.வி 17-ல் 196, சி.வி 18-ல் 210. இரண்டையும் எழுதிவிட்டு, சி.வி 29-ல் 32-ஐக் கூட்ட மறந்தால், இன்ஜின் பழைய முகவரிக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

* வேகத்தைக் கூட்டக் கூட்ட முகப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிகிறதா? பல்பில் கோளாறு இல்லை. கன்ட்ரோலர் 28 படிகளில் பேச, டிகோடர் 14 படிகளில் கேட்கிறது. சி.வி 29-ல் 2-ஐச் சேர்த்தால் சரி.

* பவர் போட்டதும் தானாகப் பாய்ந்து ஓடுகிறதா? அது தன்னைப் பழைய டி.சி தண்டவாளத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. சி.வி 29-ல் 4-ஐக் கழித்துவிடுங்கள்.

* விளக்கு எரிகிறது, வண்டி மட்டும் நகரவில்லையா? சி.வி 19-ஐப் பாருங்கள். இரண்டு இன்ஜின்களைச் சேர்த்து ஓட்டியபோது கொடுத்த கூட்டு முகவரி அதில் தங்கியிருக்கும். அது இருக்கும்வரை, சொந்த முகவரிக்கு வரும் வேகக் கட்டளையை இன்ஜின் காதில் வாங்காது. அங்கே 0 எழுதினால் ஓடத் தொடங்கும்.

* வண்டி ஓடுகிறது, விளக்கு மட்டும் எரியவில்லையா? எட்டு முள் பிளக் உள்ள இன்ஜின் என்றால், அதைத் தலைகீழாகச் செருகியிருக்க வாய்ப்பு அதிகம். திருப்பிச் செருகுங்கள்.

* எதை எழுதினாலும் ஏற்கவில்லையா? சில டிகோடர்களில் சி.வி 15, 16 இரண்டும் பூட்டும் சாவியும் போல. இரண்டிலும் ஒரே எண் இருந்தால்தான் பூட்டு திறக்கும்.

நிஜமாகவே டிகோடரைக் கொல்வது எது?

தவறான எண்ணால் டிகோடர் சாகாது. எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். அதைக் கொல்வது தவறான ஒயரிங். குறிப்பாக, தாத்தா காலத்து இன்ஜினை டிஜிட்டலுக்கு மாற்றும்போது கவனம் தேவை. பழைய இன்ஜின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு முனை, உலோக அடிச்சட்டம் வழியாக நேரடியாகச் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்காமல் டிகோடரை இணைத்து ஓடும் பாதையில் வைத்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் டிகோடர் கருகிவிடும்.

தடுக்க இரண்டே வழிகள். டிகோடரை இணைக்கும் முன், மல்டிமீட்டரில் மோட்டார் முனைகளுக்கும் சக்கரங்களுக்கும் இடையே இணைப்பே இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு, முதல் சோதனையை எப்போதும் புரோகிராமிங் பாதையிலேயே செய்யுங்கள். சத்தம் போடும் டிகோடர்களைத் திணறடிக்கிற அந்தக் குறைந்த மின்சாரம்தான், ஒயரிங் தப்பாக இருந்தால் டிகோடரைக் காப்பாற்றுகிறது. அங்கே ‘பதில் இல்லை’ என்று வந்தால், காரணம் தெரியும்வரை ஓடும் பாதைக்குக் கொண்டுபோகவே கூடாது.

கோர்ட் வரைக்கும் போன டிகோடர் கோப்புகள்!

இத்தனை எண்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஜே.எம்.ஆர்.ஐ என்ற இலவச மென்பொருளில் இருக்கும் ‘டிகோடர் புரோ’ இந்தக் கணக்குகளைத் தானே போட்டுவிடும். எந்த டிகோடரில் எந்த சி.வி எதற்கு என்ற விவரக் கோப்புகளைத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கோப்புகளின் பின்னால் ஒரு சட்டப் போராட்டமும் இருக்கிறது. உருவாக்கியவர்களின் பெயரைக் குறிப்பிடாமல் அவற்றை வேறொரு மென்பொருளில் பயன்படுத்தினார்கள் என்று, திட்டத்தை வழிநடத்திய இயற்பியலாளர் ராபர்ட் ஜேக்கப்சன் வழக்குத் தொடர்ந்தார். இலவசமாகக் கொடுக்கப்பட்டதாலேயே உரிம நிபந்தனைகளை மீறிவிட முடியாது, அது பதிப்புரிமை மீறலாகலாம் என்று 2008-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2010-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் அந்தத் தீர்ப்பு, குட்டி ரயில்களால் வந்தது!

ஒரு நோட்டு, ஒரு பேனா

மென்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அனுபவசாலிகள் விடாத ஒரு பழக்கம் உண்டு. எந்த சி.வி-யைத் தொடும் முன்பும், அதில் இருந்த பழைய எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சி.வி-யை மாற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது. நான்கைந்தைச் சேர்த்து மாற்றிவிட்டால், எது கெடுத்தது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

துடைத்து, ஒயரைப் பார்த்து, ரீசெட்டும் செய்த பிறகும் அசைவில்லை என்றால் மட்டும் புது டிகோடருக்குச் செலவு செய்யலாம். அதுவரைக்கும் அது வெறும் வாயில்லா ஜீவன்தான்!