எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் தலைவராக முடியுமா?

ஒரு மருத்துவக் கல்லூரியில புது மாத்திரையைச் சோதிக்கணும், இல்ல மனச்சோர்வு உள்ளவங்ககிட்ட ஒரு ஆய்வு நடத்தணும்னா, பேராசிரியர் நினைச்ச உடனே தொடங்கிட முடியாது. முதல்ல எத்திக்ஸ் கமிட்டி, அதாவது நெறிமுறைக் குழு, அனுமதி தரணும். அந்தக் குழுவுக்கு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் தலைவராக முடியுமா? முடியும். எப்படின்னு பார்ப்போம்.

"அது டாக்டர்கள் வேலையாச்சே?"ன்னு பலர் நினைக்கிறாங்க. ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2017-ல வெளியிட்ட தேசிய வழிகாட்டி அப்படிச் சொல்லல. குழுவுல 7 முதல் 15 பேர் வரை இருக்கலாம். டாக்டர்கள் மட்டுமில்லாம, சட்டம் தெரிஞ்சவர், சமூக அறிவியலாளர், பொதுமக்கள்ல ஒருத்தர்னு எல்லாரும் வேணும். தலைவர் எந்தத் துறையைச் சேர்ந்தவராவும் இருக்கலாம். ஆனா எல்லாரும் மதிக்கிறவரா இருக்கணும், இப்படி ஒரு குழுவுல இருந்த அனுபவம் வேணும், அந்த நிறுவனத்தைச் சேராத வெளியாளா இருக்கணும்.

கடைசி நிபந்தனையைக் கவனிச்சீங்களா? நீங்க வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியோட குழுவுக்கு நீங்க தலைவராக முடியாது. உங்க ஆஸ்பத்திரியில உங்களுக்கான பெரிய பொறுப்பு மெம்பர் செக்ரட்டரி. விண்ணப்பங்களைப் பிரிக்கிறது, கூட்டம் கூட்டுறது, முடிவைப் பதிவு பண்றதுன்னு குழுவை நடத்துறவர் அவர்தான்.

சரி, தலைவர் பொறுப்புக்கு சைக்காலஜிஸ்ட் ஏன் பொருத்தமானவர்? 1963-க்குப் போவோம். யேல் பல்கலைக்கழகத்துல ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனை அந்த வருஷம்தான் வெளியாச்சு. சோதனைக்கு வந்தவங்ககிட்ட, அடுத்த அறையில இருக்கிறவருக்கு ஷாக் கொடுக்கச் சொன்னாங்க. 40 பேர்ல 26 பேர் 450 வோல்ட் வரைக்கும் போனாங்க. ஷாக் பொய். ஆனா ஷாக் கொடுத்தவங்களுக்கு வேர்த்ததும் கை நடுங்கினதும் நிஜம்.

அடுத்த வருஷமே டயானா பாம்ரிண்ட் எதிர்ப்பு எழுதினாங்க. கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சி உள்ளவங்க. பிள்ளை வளர்ப்பு முறைகளைப் பத்தின ஆய்வுக்காகப் பின்னாடி உலகம் முழுக்கத் தெரிய வந்தவங்க. அவங்க வாதம் இதுதான்: பழக்கமில்லாத ஆய்வகத்துக்கு வர்றவர் ஏற்கெனவே ஆய்வாளர் சொல்றதைக் கேட்கிற மனநிலையிலதான் இருப்பார், அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி அவரோட சுயமதிப்பைக் காயப்படுத்தக் கூடாது.

இந்தப் பார்வை இன்னைக்கும் குழுக் கூட்டத்துல எப்படி உதவும்? ஒரு உதாரணம் சொல்றேன். மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9ன்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு. அதுல 9-வது கேள்வி, செத்துட்டா நல்லாயிருக்கும்ங்கிற எண்ணம் வருதான்னு கேட்கும். ஒருத்தர் "தினமும் வருது"ன்னு குறிச்சுட்டுப் போறார். அந்தத் தாளை யார் பார்ப்பாங்க? அன்னைக்கே பார்ப்பாங்களா, இல்ல மூணு மாசம் கழிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதா? விண்ணப்பத்துல இதுக்குப் பதில் இல்லன்னா, அதைத் திருப்பி அனுப்பணும்னு சொல்றவர் பெரும்பாலும் சைக்காலஜிஸ்டாத்தான் இருப்பார்.

ஒப்புதல் விஷயமும் அப்படித்தான். சிகிச்சை தர்ற டாக்டரே "இந்த ஆய்வுல சேருறீங்களா?"ன்னு கேட்டா, "டாக்டர் என் நல்லதுக்குத்தானே சொல்வார்"னு நோயாளி கையெழுத்துப் போட்டுடுவார். எந்த மருந்து கிடைக்கும்னு குலுக்கல் முறையில முடிவாகுதுங்கிறது அவருக்குப் புரிஞ்சே இருக்காது.

இப்போ, இந்தப் பொறுப்புக்குப் போற பாதை. இந்தியாவுல பல வருஷமா இருந்த வழி, 2 வருஷ எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி படிச்சு, ஆர்.சி.ஐ.-ல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்றது. படிப்போட பெயர்கள் இப்ப மாறிட்டு வருது. சேர்றதுக்கு முன்னாடி கவுன்சில் இணையதளத்தைப் பாருங்க. அடுத்து, சொந்தமா ஆய்வு செஞ்சு ஒரு குழு முன்னாடி விண்ணப்பதாரரா நில்லுங்க. ஜி.சி.பி. (Good Clinical Practice), அதாவது மருத்துவ ஆய்வை முறையா நடத்துறதுக்கான பயிற்சி எடுங்க. பிறகு உறுப்பினர், மெம்பர் செக்ரட்டரி, வேற நிறுவனத்துல தலைவர்னு போகலாம்.

கவுன்சலிங் அனுபவம் மட்டும் இதுக்குப் போதாது. புள்ளியியல் தெரியணும், சட்டம் தெரியணும். 2019 மருந்துச் சோதனை விதிகள்படி, சோதனையில ஒருத்தர் இறந்துட்டா, ஆய்வாளர் 24 மணி நேரத்துல தெரிவிக்கணும். அந்த அறிக்கை கிடைச்ச 30 நாளுக்குள்ள, இழப்பீடு பத்தின கருத்தோட குழு தன் அறிக்கையை அனுப்பணும். உங்க சொந்த ஆய்வு விவாதத்துக்கு வந்தா, முடிவெடுக்கும்போது நீங்க வெளியே போயிடணும்.

பணத்துக்காக வர்ற வேலை இது இல்ல. பெரும்பாலும் கூட்டத்துக்கு ஒரு சிறு மதிப்பூதியம்தான். ஆனா ஒரு ஆய்வு தொடங்குறதுக்கு முன்னாடியே தீங்கைத் தடுக்கிற அதிகாரம் இந்தக் குழுவுக்கு இருக்கு. சைக்காலஜி படிக்கிறவங்க, உங்க கல்லூரிக் குழுவோட மெம்பர் செக்ரட்டரியைப் பார்த்து, உறுப்பினராக என்ன வேணும்னு இந்த வாரமே கேளுங்க. சந்தேகம் இருந்தா கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த காணொளியில பேசுவோம்.